சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு போன்

மதினி,

இத்தனை வருடம் கேட்டுக்கொண்டே இருந்த நீங்கள், ஒரு தடவையாவது ஏன் பேசவில்லை? இதற்கு எனக்குப் பதில் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது வகுப்பறையில் வந்த பழக்கம்.

என் மேஜைமேல் உங்கள் பச்சைச் சுங்குடிச் சேலையிலிருந்து கிழித்த ஒரு துண்டு இருக்கிறது. பக்கத்தில், எட்டாக மடித்த ஓர் இன்லேண்ட் கடிதம். இரண்டிலும் கந்தக வாசனை. திராட்சைக் கொடிக்குத் தூவுகிற கந்தக மூட்டைகளோடு எத்தனை வருடம் கிடந்தனவோ, ஜன்னலைத் திறந்து வைத்தும் வாசனை போகவில்லை.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அதனால் இங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கல்லூரி வேலையை விட்ட பிறகு வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திவருகிறேன். கைபேசி சிக்னல் நம் வீட்டில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றால் இரண்டு கோடு, படி இறங்கினால் அதுவும் இல்லை. பாடத்தின் நடுவில் என் முகம் உறைந்து நின்றுவிடுகிறது என்று பெற்றோர்கள் புகார் எழுதினார்கள். இந்த மாதத்துக்குள் ஒழுங்கான இணைப்பு இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நிறுவனம் சொல்லிவிட்டது. ஃபைபர் கம்பி ஓடைப்பட்டி மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. மூன்று வீட்டுக்காகத் திராட்சைப் பந்தல்களைத் தாண்டி இழுக்க மாட்டார்களாம். மிச்சம் இருந்தது அப்பா காலத்துத் தரைவழி போன்தான். அதில் பிராட்பேண்ட் கேட்டு மனுப் போட்டேன்.

கொடுப்பதற்கு முன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனைச் சோதிப்பார்கள். தூரம், இரைச்சல், கம்பியின் நிலை எல்லாம் அளந்து, தேறினால்தான் இணைப்பு. என் லைன் மூன்று தடவை தேறவில்லை. மூன்றாவது தடவை, தொழில்நுட்பரீதியாகச் சாத்தியமில்லை என்று எழுதி, போனையே ஒப்படைத்துவிடலாமே என்று ஒரு யோசனையும் சொல்லியிருந்தார்கள்.

அண்ணனுக்கு இது வசதியாகப் போயிற்று. தோட்டத்தை வீட்டோடு சேர்த்துக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. என் பாதி வீடு குறுக்கே நிற்கிறது. வாசலில் நின்றபடியே சொன்னார். “தேனிக்குப் போயிர வேண்டியதுதான? அங்கன எங்க பாத்தாலும் நெட்டு. இங்கன ஒத்தையில கெடந்து என்ன செய்யப்போற?”

நான் போக மாட்டேன் என்றேன். வேறு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. என் பாதி வீட்டில் நான் ஏன் இருக்கிறேன் என்று விளக்க வேண்டிய காலம் கோர்ட்டோடு முடிந்துவிட்டது.

இன்று காலை லைன்மேன் வந்தார். ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருக்கிற மனிதர். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏணியில் ஏறுகிறார். வந்ததும், “லைனு பரிச்சையில ஃபெயிலு டீச்சர். மறுகூட்டல் போட்டாலும் அதே மார்க்குதான்” என்றார்.

“அப்ப விடைத்தாள நான் பாக்கணும்” என்றேன்.

சிரித்தார், ஆனால் ஏணியைச் சாத்தினார். கம்பத்தில் அளந்தால் லைன் தேறியது. வீட்டுக்குள் வரும் கம்பியைச் சேர்த்ததும் கெட்டுப்போனது. எக்ஸ்சேஞ்சுக்குப் பேசினார். ஏதோ எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“ரெண்டு பெல்லு காட்டுதாம். இன்னொரு போன எங்கன வச்சிருக்கீக?”

“ஒண்ணுதான் இருக்கு.”

“மிஷினு பொய் சொல்லாது டீச்சர்.”

மிஷினும் சொல்லும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உங்களுக்காகத்தான் அப்பா அந்த இரண்டாவது போனைப் போட்டார். கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருக்கையில் கெங்குவார்பட்டியில் இருக்கிற உங்கள் அம்மாவோடு பேசக் கூச்சப்படுகிறீர்கள் என்று, பழப்பெட்டி அடுக்குகிற பின்னறைக்கு ஒரு கிளை இழுத்தார். டயலைச் சுழற்றப் பயந்தீர்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான்தான் எண்ணைப் போட்டுக் கையில் கொடுப்பேன். அந்தப் பக்கம் அம்மா பேசிக்கொண்டே இருப்பார். நீங்கள் “ம்”, “ம்” என்பீர்கள், வைத்துவிடுவீர்கள். என்ன மதினி, வாயத் தொறக்காம வச்சிட்டீக என்று கேட்டதற்கு ஒரு தடவை சொன்னீர்கள். “அம்மா கொரலு கேட்டாச்சுல்ல. நான் என்னத்தப் பேச?”

அப்பா போன பிறகு நான் என் பங்கைக் கேட்டேன். கட்டிக்கொடுக்காத பெண்ணுக்குப் பங்கு எதற்கு என்று அண்ணன் கேட்டார். கட்டிக்கொடுத்திருந்தால், போன பெண்ணுக்குப் பங்கு எதற்கு என்று கேட்டிருப்பார். கோர்ட்டுக்குப் போனேன். கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது. என்னோடு பேசக் கூடாது என்று உங்களுக்கு உத்தரவு. “ஒங்க அண்ணன் சொல்லிட்டாக, ஆத்தா” என்று கொல்லைப்புறத்தில் ஒரு நாள் சொன்னீர்கள். அதுதான் கடைசி. அதன்பிறகு எட்டு வருடம் ஒரு வார்த்தை இல்லை. வழக்கு முடிந்து, பாதி வீடு எனக்கென்று தீர்ப்பாகி, சண்டைக்குக் காரணமே இல்லாமல் போன பிறகும் இல்லை.

கம்பி சுவருக்குள் போகிறது என்று லைன்மேன் தட்டிக் காட்டினார். கொத்தனார் அதை வெட்டாமல் மேலேயே பூசிவிட்டிருக்கிறார். அண்ணனிடம் போய்க் கேட்டேன். எம் பக்கம் ஒரு ஒயரும் கெடையாது என்றார். அப்படியானால் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்றேன். உங்கள் சாவுக்கு வந்து முற்றத்தில் நின்றவள், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் அந்த வாசலைத் தாண்டினேன். அவர் நகர்வதற்காக நான் காத்திருக்கவில்லை.

பின்னறையில் கந்தக மூட்டைகளுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த மரப்பெட்டிக்குள் போன் இருந்தது. லைன்மேன் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, “உசுரோட இருக்கு” என்றார். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரியவே தெரியாது. அந்த முகத்தில் அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

இத்தனை வருடம் இதன் மணி ஏன் யாருக்கும் கேட்கவில்லை என்று பார்க்க லைன்மேன் மூடியைக் கழற்றினார். இரண்டு மணிக்கிண்ணங்களையும் இறுக்கிச் சுற்றியிருந்தது உங்கள் சேலைத் துண்டு. அதற்கும் அடியில் செருகியிருந்தது இந்தக் கடிதம். கீழே விழுந்ததை அண்ணன்தான் எடுத்துப் பிரித்தார்.

நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது அப்பாவுக்கு எழுதியது அது. மேலே ஆராய்ச்சி படிக்கக் கூடாது, மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று அவர் எழுதியதற்குப் பதில். உங்கள் வீட்டில் எனக்கு ஒரு செங்கல்லும் வேண்டாம், பங்கு, பாத்தியதை எதுவும் கேட்டு வர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வயது.

அண்ணன் இரண்டு தடவை படித்தார். “இது மட்டும் அன்னைக்கு எங்கையில இருந்திருந்தா…” என்றார். நான் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றேன். கொடுத்தார்.

லைன்மேன் அப்போதே கிளையை வெட்டப் போனார். நாளைக்கு என்றேன். அவசரம்னு சொன்னீகளே என்றார். நாளைக்கு என்றேன் மறுபடியும்.

சாயங்காலமாகிவிட்டது. பந்தல் பக்கம் மருந்தடிக்கிற மோட்டார் இப்போதுதான் ஓய்ந்தது. அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். சுவர் எழும்பிய பிறகு என் போனில் ஒரு கோளாறு வர ஆரம்பித்தது. பேசிக்கொண்டிருக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு எதிர்முனைக் குரல் தாழ்ந்துபோகும். புகார் கொடுத்தால் ஆதாரம் வேண்டுமே என்று தேதி, நேரம், குறை, காரணம் என்று கட்டம் போட்டு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் எல்லாப் பக்கத்திலும் ஒரே சொல்: தெரியவில்லை. ஒரு லைனில் இரண்டு பேர் போனை எடுத்தால் மின்னோட்டம் பிரியும், குரல் தாழும். இதை வகுப்பில் நடத்தியவள் நான். என் வீட்டில் நடந்தபோது சாரலையும் ஈரக்காற்றையும் சந்தேகப்பட்டேன்.

இரண்டு நாட்களைத் தேடினேன். இரண்டும் இருக்கின்றன.

ஒன்று, வக்கீலோடு பேசிய ஞாயிற்றுக்கிழமை. அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும், பெட்டி அண்ணன் பக்கம் இருக்கிறது என்று அன்றுதான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். சட்டப்படி அது செல்லாது, ஆனால் கையில் கிடைத்தால் வழக்கை இன்னும் பத்து வருடம் இழுப்பார்கள் என்றார். அவர் சொன்னது பாதி கேட்கவில்லை. குரல் தாழ்ந்துவிட்டது.

இன்னொன்று, அதற்கு முந்தைய வாரம். பழைய சிநேகிதியிடம் உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். “அதுக்கு வாயும் கெடையாது, முதுகெலும்பும் கெடையாது. அண்ணன் ஆட்டுன பக்கம் ஆடும்.” அன்றைக்கும் குறித்திருக்கிறேன். மாலை ஆறே கால். குரல் தாழ்ந்தது.

ஆக, அந்தப் பேச்சைக் கேட்டீர்கள். அடுத்த வாரம் வக்கீலிடம் நான் ஒப்புக்கொண்டதையும் கேட்டீர்கள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறீர்கள்.

சுலபமாக உருகிப்போகிற ஆள் இல்லை நான். வேறு வழியிலும் யோசித்துப் பார்த்தேன். அண்ணனுக்காக ஒட்டுக் கேட்டிருக்கலாம். அப்படியென்றால் கடிதம் கோர்ட்டுக்கு வந்திருக்கும். மணிச் சத்தத்தை அடக்கக் கைக்குக் கிடைத்த காகிதத்தைச் செருகியிருக்கலாம். ஆனால் அதற்குத் துணியே போதும், காகிதம் தேவையே இல்லை. அதோடு உங்களுக்குப் படிக்கத் தெரியும். கிழித்துப் போட்டிருக்கலாம், அடுப்பில் வைத்திருக்கலாம். அதையும் செய்யாமல் வைத்திருந்தீர்கள். எனக்காகவா, என்றைக்காவது அண்ணனுக்கு உதவும் என்றா? இந்த இடத்தில் என் கணக்கு நின்றுவிடுகிறது.

உங்களைச் சாமியாக்கி மாலை போட மாட்டேன், மதினி. ஒளிந்து கேட்டது ஒளிந்து கேட்டதுதான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நான் பேசியது, என் அழுகை, சிநேகிதியோடு நான் அடித்த கிண்டல், எதையும் உங்களுக்கென்று நான் கொடுக்கவில்லை. நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள். அதற்குக் கோபம் இருக்கிறது, இருக்கும். முதுகெலும்பு இல்லை என்று சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது பிழை. புருஷனுக்குத் தெரியாமல், அவர் வீட்டுக்குள்ளேயே, அவர் தேடிக்கொண்டிருந்திருக்கக்கூடிய ஒன்றை அத்தனை வருடம் வைத்திருக்க வாய் வேண்டாம். மற்றது வேண்டும்.

சில நேரம் உங்கள் பதில் கெங்குவார்பட்டிப் போனிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. குரல் கேட்டாச்சு, நான் என்னத்தப் பேச. அழகாகப் பொருந்துகிறது. அழகாகப் பொருந்துவதாலேயே நம்பத் தயக்கமாக இருக்கிறது.

நாளைக் காலை அந்தக் கம்பியை வெட்டப்போகிறேன். உங்கள் ஞாபகமாக அதை விட்டுவைத்து, வேலையை இழந்து, தேனியில் ஏதோ ஒரு மாடியறைக்குப் போய் உட்காருவதற்காக நீங்கள் அந்தக் கடிதத்தை மறைக்கவில்லை. எதற்காக மறைத்திருந்தாலும் அதற்காக இல்லை. கடிதம் என்னிடம் இருக்கும். துணியும்.

மறுநாள் நடந்தது இது.

பத்து மணிக்கு லைன்மேன் வந்தார். வெட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று கம்பத்தில் ஏறி, அங்கிருந்து எனக்கு மணி அடித்தார். துணி எடுத்துவிட்டதால் இரண்டு பக்கமும் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அது அடித்து இப்போதுதான் கேட்கிறேன். என் பக்க மணியைவிடக் கொஞ்சம் கனத்த சத்தம். நான் எடுத்தேன். லைன்மேன் “கேக்குதா டீச்சர்” என்றார். அதற்குள் ‘டிக்’ என்றது. அவர் குரல் தாழ்ந்துபோனது.

மூச்சு மட்டும் கேட்டது. ஏதாவது சொல்ல வேண்டியது அந்தப் பக்கத்தின் முறை என்று நினைத்தேன்.

“ஆத்தா,” என்றார் அண்ணன். அப்படிக் கூப்பிட்டுப் பல வருடம். “அவ எல்லாத்தையும் கேட்டுருக்காளோ?”

“கேட்டுருக்காக” என்றேன். “வைங்கண்ணே. வெட்டணும்.”

வைத்தார். சுவரோரம் வெளியே நீட்டியிருந்த கம்பியைக் குறடால் நானே வெட்டினேன். அரை மணி கழித்து எக்ஸ்சேஞ்சிலிருந்து சொன்னார்கள், லைன் தேறிவிட்டது. நூலிழையில்தான், ஆனாலும் தேறிவிட்டது. பதினொன்றரை மணிக்கு ஒளிவிலகல் பாடம், ஒன்பது பிள்ளைகள், ஒரு தடவைகூட அறுபடவில்லை. குத்தகைக்காரரிடம் அண்ணன் என்ன சொன்னார் என்று தெரியாது. நானும் கேட்கவில்லை.

பாடம் முடிந்ததும் நோட்டை எடுத்துக் கடைசி வரியை எழுதினேன். நேரம்: பத்து இருபது. குறை: குரல் தாழ்ந்தது. காரணம்: தெரியும்.