மலைக் கல்லூரியில் பேர் கொடுக்கப் போகிறேன்

எமெட்,

உன் டிரக்கை எடுத்துப் போகிறேன். என் கார் சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது. பச்சை மிளகாய்க் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். மதியம் டுவேன் குழாய் சரி செய்ய வருவார்.

நேற்று நீ, "வானியல் படிக்கறேன்னா படி. பேர் பெத்த காலேஜ விட்டுட்டு எதுக்கு அந்த மலைக்குப் போற?" என்று கேட்டாய். அதற்கு இதுதான் பதில்.

நீ சொல்லும் அந்த நகரத்துக் கல்லூரிக்கு மூன்று முறை போன் செய்தேன். ராணுவத்தில் படித்த கணக்குப் பாடம் செல்லுமா என்று கேட்டால், "வெப்சைட்ல பாருங்க மேடம்" என்றார்கள். மலைக் கல்லூரியில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே ஓர் அலுவலகம். அங்கே ரமோனா என்பவள் போனை எடுத்தாள். அவளும் என்னைப் போலப் படையில் இருந்தவள்தான், கடற்படையில்.

"பாடம் செல்லும். உடம்புல அடி ஏதாவது பட்டிருக்கா?"

"இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்ல."

"டெலஸ்கோப்புக்கு முப்பது படி இருக்கு. வந்து ஏறிப் பாரும்மா. முடியலேன்னா வேற வழி பண்ணுவோம். அப்புறம் கையெழுத்துப் போடு."

இதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. ஏறிவிடுவேன், பார்.

லொரெய்ன்

தாளின் ஓரத்தில்தான் இனி இடம் இருக்கிறது: நான் வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிடுவேன் என்பதுதான் உன் கோபம், எனக்குத் தெரியும். படிக்கிறவர்களின் குடும்பத்துக்கும் அங்கே வீடு தருகிறார்கள். விண்ணப்பத்தில் நீயும் நானும் இரண்டு பேர் என்றுதான் எழுதப் போகிறேன். வர மாட்டேன் என்றால் மூன்று மணிக்குள் போன் செய்.