தேக்கு என்று வந்த கதவு

சீத்தா கேம்ப்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகன் டென்சிலுக்கு அம்மா எழுதுவது. மாதா கிருபையில் இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், அங்கே பஹ்ரைனில் நீயும் ஜெனிஃபரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கோபத்தில் இந்த வரியை விட்டுவிடுவேனோ என்று பயந்து இதை முதலிலேயே எழுதிவிட்டேன், இனி வருவதெல்லாம் வேறு. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை சத்தம் போட்டதும் நெட்வொர்க் இல்லைம்மா என்பாய், அப்புறம் சாப்பிட்டீங்களா என்பாய், நானும் உருகிப்போய் மீன் குழம்பு வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். வாய்ஸ் மெசேஜ் போட்டால் ஜெனிஃபர் காதில் விழும். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, உனக்கு வரும், உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லித் தந்தவள் நான், அது இதற்காவது உதவட்டும். பக்கத்து வீட்டு மாரிக்கண்ணன் லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். விஷயம் நம் வாசல் கதவு. அந்தக் கதவுக்காக உன் ஞானத்தகப்பன் வியாகப்பன் அண்ணனை நான் நாலு பேர் முன்னால் திருடனாக்கிவிட்டேன், அந்தப் பழியைத் துடைக்க வேண்டியவன் நீ. ஏன் என்று உனக்கே தெரியும். இருந்தாலும் நான் பட்டதை நீ ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

போன மழையில் மூன்று கதவு நிலையையும் கரையான் தின்றுவிட்டது. வாசல் கதவை இழுத்தால் நிலையோடு கையில் வந்துவிடும் போல இருந்தது. நீதான் சொன்னாய், இந்தத் தடவை நல்லதா போட்டுருவோம்மா, வாசலுக்குத் தேக்குதான், நானும் ஜெனிஃபரும் வந்து இருக்கப்போற வீடுல்லா என்று. அந்த வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் தெரியுமா? தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொன்னேன், மார்க்கெட்டில் சொன்னேன், செம்பூருக்கு மெனக்கெட்டுப் போய் உன் சித்தியிடம் சொல்லி அவள் மூஞ்சி போன போக்கையும் பார்த்துவிட்டு வந்தேன். வியாகப்பன் அண்ணன் குர்லாவில் தச்சு வேலை காண்ட்ராக்ட் எடுக்கிறவர், உன் ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்தினவர், அவரை விட்டு வேறு யாரிடம் போவோம். அவர் வந்து அளந்து பார்த்துக் கணக்குச் சொன்னார். வாசலுக்குத் தேக்கு நிலையும் தேக்குக் கதவும் ஐம்பத்திரண்டாயிரம், மாடி ரூமுக்கு சன்மைக்கா ஒட்டின ஃப்ளஷ் டோர் பதினாலாயிரம், பாத்ரூமுக்குத் தண்ணீரில் ஊறாத ஃபைபர் கதவு ஏழாயிரம், கீல் பூட்டு தாழ்ப்பாள் கைப்பிடி எல்லாம் பதினோராயிரம், மாட்டுகிற கூலி பன்னிரண்டாயிரம், பழைய நிலையைப் பெயர்த்துச் சிமெண்ட் பூசி இடிசலை அள்ளிக்கொண்டு போக எட்டாயிரம். மொத்தம் ஒரு லட்சத்து நாலாயிரம். இந்தக் காசுக்கு நம்ம கல்யாணத்த நாலு தடவ நடத்திருக்கலாம் என்றார் உன் அப்பா. எனக்கு ஜிபே கிபே ஒன்றும் தெரியாது என்று நீ முழுப் பணத்தையும் அண்ணன் அக்கவுண்டுக்கே அனுப்பினாய். ஒரு பில் வாங்கி வைப்போமா என்று அப்பா மெல்ல ஆரம்பித்தார். ஒங்க மகன கையில ஏந்துன மனுசங்கிட்ட பில் கேப்பியளோ, வெக்கமா இல்லையா என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

கதவு வந்தது. பாலிஷ் போட்டு, பூ செதுக்கி, பார்க்கக் கண் கொள்ளவில்லை. பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார், நான் தெருவுக்கே லட்டு கொடுத்தேன். இந்த மழையில் அது ஊதிக்கொண்டு தரையில் உரச ஆரம்பித்தது. புதுக் கதவு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, இதற்குப் போய் அண்ணனை அலைக்கழிப்பானேன் என்று இங்கேயே வேலை செய்கிற சாய்நாத்தைக் கூப்பிட்டு அடியில் கொஞ்சம் இழைக்கச் சொன்னேன். அவன் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்திவிட்டான். மவுஷி, ஹே சாக்வான் நாஹி என்றான். தேக்கு இல்லையாம். மேலே மட்டும் தேக்குத் தோல், உள்ளே மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, குனிந்து பார்த்தேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மறுநாளே கோவண்டியில் ரயிலேறி குர்லாவில் ஒரு கதவுக் கடையில் போய் விசாரித்தேன். இதே பூ, இதே பாலிஷ், சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், நிலையோடு சேர்த்துப் பன்னிரண்டாயிரம். நாற்பதாயிரம் வித்தியாசம். அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே உனக்குப் போன் போட்டு அழுதேன், ஞாபகம் இருக்கிறதா? கூடப் பிறக்காத அண்ணன் என்று நம்பினேனே, என் பிள்ளை வெயிலில் காய்ந்து அனுப்பின காசைத் தின்னுட்டானே பாவி என்று அழுதேன். நீ என்ன சொன்னாய்? மனுசங்க அப்படித்தாம்மா, விடுங்க, பெருசு பண்ணாதீங்க என்றாய். என் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அதற்கும் சேர்த்து அழுதேன், கூறுகெட்டவள்.

நான் விடவில்லை. அவரை நேரே போய்க் கேட்டிருக்க வேண்டும், எனக்கு நாக்கு எழவில்லை. வாரம் ஒரு வீட்டில் நடக்கிற அன்பிய ஜெபம் அந்தச் சனிக்கிழமை நம் வீட்டு முறை. தெரு சனமெல்லாம் வந்து உட்கார்ந்தது, வியாகப்பன் அண்ணனும் அவர் வீட்டுக்காரி மரியபுஷ்பம் மைனியும் வந்து அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்தார்கள். ஜெபமாலை முடிந்ததும் அவரவர் மனதில் உள்ள மன்றாட்டைச் சொல்லுவோமே, ஒருத்தி மகள் பரீட்சைக்குச் சொன்னாள், ஒருத்தர் சர்க்கரை வியாதிக்குச் சொன்னார், என் முறை வந்தது. ஆண்டவரே, சொந்த ஞானப்பிள்ளையின் வேர்வைக் காசைத் தின்றுவிட்டு இந்த வீட்டு வாசலில் பொய்க் கதவை மாட்டினவர்களுக்கு நல்ல மனசைத் தாரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். பழக்கத்தில் எல்லாரும், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். அவரும் சேர்ந்து சொன்னார் மக்கா. சொல்லி முடித்த பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது, ஒவ்வொரு தலையாக அவர் பக்கம் திரும்பியது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், டீ குடிக்காமல் எழுந்து போனார். கள்ளன் அதான் பேசல என்று நான் நினைத்தேன். திங்கட்கிழமை நம் தெரு ஜெயராம் தன் வீட்டு ஜன்னல் வேலைக்கு அவரை விட்டுவிட்டு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். இன்னும் ஒரு வீட்டில் பாதி வேலையில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மரியபுஷ்பம் மைனி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சொல்லப்படாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருக்காவ தெரசு, ஆனா சனிக்கெழமையில இருந்து அவியளுக்குச் சோறு எறங்கல, நான் என்ன செய்ய என்று சொல்லிவிட்டுப் போனில் உன் குரலைப் போட்டாள். பெரியப்பா, வாசல் கதவுக்குக் கம்மி வெலையில ஏதாவது பாத்துட்டு மிச்ச நாப்பதைத் திருப்பி அனுப்பிருங்க, கோபர்கைரனே ஃப்ளாட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கட்டணும், அம்மாவுக்கு என்ன தெரியப்போவுது, பாலிஷ் போட்டா எல்லாம் தேக்குதான், கிறிஸ்மஸுக்கு வந்து நானே சொல்லிக்கிடுதேன். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். நான் அடுப்பை அணைக்க மறந்து நின்றேன். இந்த வாரம் பூராவும் உன் போனை நான் ஏன் எடுக்கவில்லை என்று இப்போது புரிகிறதா.

டென்சிலே, உன் காசு, நீ திருப்பி வாங்கினாய், அதைக் கேட்க நான் யார். வாசலுக்குத் தகரம் அடித்திருந்தால்கூட நான் அதற்கும் கோலம் போட்டிருப்பேன். கோபர்கைரனேயில் தனியாக வீடு வாங்குகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், ஜெனிஃபரைக் குறை சொல்லியிருப்பேன், அப்புறம் என் வளையலைக் கழற்றித் தந்திருப்பேன். நானும் ஜெனிஃபரும் வந்து இருக்கப்போற வீடு என்று சொன்னபோதே அந்த ஃப்ளாட்டைப் பார்த்து வைத்திருந்தாயா, அதற்கு அப்புறம்தான் பார்த்தாயா, அதை மட்டும் எனக்குச் சொல்லிவிடு. மாடி ரூமை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். இதையெல்லாம்கூட முழுங்கிவிடுவேன். ஆனால் அந்தக் கடையில் உட்கார்ந்து நான் அழுதபோது, உன்னைக் கையில் ஏந்தின மனுஷனைப் பாவி என்று நான் ஏசினபோது, இல்லைம்மா நான்தான் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லையே. விடுங்க என்றாயே. என்னை ஏமாற்றினது போதாதென்று எனக்கு ஆறுதலும் சொன்னாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வியாகப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். காலில் விழப்போனேன், பிடித்து நிறுத்திவிட்டார். பிள்ளைய ஏசாத தெரசு, அவன் கேட்டான், நான் குடுத்தேன், ஒங்கிட்ட சொல்லாதது என் தப்பு என்றார். நேற்றைய ஜெபம் அடுத்த தெருவில். எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லி அவர் பெயரைத் துடைத்துவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். ஆண்டவரே என்று ஆரம்பித்துவிட்டேன், உன் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. கதவு தேக்குதான், எனக்கு மரம் பார்க்கத் தெரியாமல் ஒரு நல்ல மனுஷனைப் பேசிவிட்டேன், என்னை மன்னியும் என்று சொன்னேன். ஜெபத்தில் பொய். அதற்கும் எல்லாரும், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். ஆனால் ஒருத்தரும் நம்பவில்லை. சாய்நாத் இழைத்ததைத் தெருவே பார்த்ததுதானே. வியாகப்பன் ரகசியமாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து என் வாயை அடைத்துவிட்டார் என்று இன்றைக்குப் பூசை முடிந்து வரும்போது என் காதுபடவே பேசுகிறார்கள். துடைக்கப் போய் இன்னும் பூசிவிட்டு வந்திருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை ஜெபம் வியாகப்பன் அண்ணன் வீட்டில். நம் நேரம் எட்டு மணி, உனக்கு ஐந்தரை, அன்றைக்கு உனக்கு லீவுதான், சாக்குச் சொல்லாதே. அவர் போனுக்குக் கூப்பிடு, மைனி ஸ்பீக்கரில் போடுவாள். என் பிள்ளையை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைக்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன், ஆனாலும் நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் இனி யாரும் நம்ப மாட்டார்கள். நாற்பதாயிரத்தை எனக்கு அனுப்பாதே, வேறு கதவும் வேண்டாம், டோக்கன் கட்டினது கட்டினதாகவே இருக்கட்டும். அந்த ஃப்ளாட்டில் கதவு மாட்டுகிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நீயே பக்கத்தில் நின்று பார், யாரையும் நம்பாதே. ஜெனிஃபருக்குத் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொல், மாரிக்கண்ணன் கையில் நெத்திலிக் கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன், உறைப்புக் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

மாதா உன்னையும் அவளையும் கைவிடாமல் காக்கட்டும், நீ கட்டுகிற குடித்தனம் நல்லபடியாக இருக்கட்டும், இதை மனதாரத்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வியாகப்பன் அண்ணனிடம் பேசிவிட்டுத்தான் என்னிடம் பேச வேண்டும். அதற்கு முன்னால் என் போன் அடித்தால் எடுக்க மாட்டேன். உன் பெயர் தெரிகிற போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், அதனால் அடிக்காதே.

உன் அம்மா,
தெரசம்மாள் இன்னாசிமுத்து