குதிரைப் பொத்தானின் பின்பக்கம்

2006 செப்டம்பர் 14
விவசாயி ஃபிர்மனின் உருளைக்கிழங்கு வயலில் எலும்புகள். முதல் உலகப் போரில் செத்த ஆங்கிலேயச் சிப்பாய். கூடக் கிடந்ததென்று, போரில் செத்தவர்களை அடையாளம் காணும் என்னிடம் பித்தளைப் பொத்தான் ஒன்றைக் கொடுத்தான். முன்பக்கம் குதிரை! 1917 அக்டோபரில் அந்தக் குதிரைச் சின்னப் படையணியில் அங்கே காணாமல் போனவர் ஒரே ஆள்: ஆல்பர்ட் டாப்செல்.

செப்டம்பர் 15
இங்கிலாந்துக்குப் போன் செய்தேன். அவர் மகள் வினிஃப்ரெட்டுக்கு எண்பத்தொன்பது வயது. அப்பா முகமே பார்த்ததில்லையாம்.
"அப்பா கெடச்சுட்டாரா? நெஜமாவா தம்பி?"
ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 21
இன்றுதான் பின்பக்கத்துப் பச்சைக் களிம்பைச் சுரண்டினேன். செய்த கம்பெனியின் பெயர், கடைசியில் 'லிமிடெட்'. 1936-க்கு முன்னால் அந்த வார்த்தை அவர்கள் பெயரில் கிடையாது. மூன்று தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதலில் பின்பக்கத்தைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். எனக்கு என்ன கேடு?

செப்டம்பர் 22
ஃபிர்மன் வீட்டுக்கு ஓடினேன். அவன் மனைவி பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். உழும்போது கிடைப்பதெல்லாம் அதற்குள்தான். எலும்போடு கிடந்த பொத்தானையும் அதிலேயே போட்டிருக்கிறான்!
"அப்ப எனக்குக் குடுத்தது?"
"இருந்ததுல பளிச்சுனு ஒண்ணா பாத்து எடுத்தேன். உனக்குத்தானேன்னு."
மற்றவை களிம்பேறித் தேய்ந்து மொட்டையாக இருக்கின்றன. எது அந்த மனிதனுடையது? இனி யாராலும் சொல்ல முடியாது.
அப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது. நாற்பத்து நாலில், அடுத்த உலகப் போரின்போது, அவர்கள் வீட்டில் தங்கிய ஆங்கில அதிகாரி விட்டுப்போன, குதிரைப் பொத்தான் வைத்த கோட்டு. அவன் அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் உழுவார். "அந்தக் குதிரையா இது! ஐயோ, லீவன்..." என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னான்: "பின்பக்கத்த யாரு பாக்கப் போறா? பாவம் அந்தக் கெழவி. அவங்கப்பாதான்னு எழுதிடேன்."

செப்டம்பர் 23
எழுதவில்லை. போன் செய்யவும் தைரியம் இல்லை.

செப்டம்பர் 26
வினிஃப்ரெட்டிடம் சொல்லிவிட்டேன். "ஊரெல்லாம் சொல்லிட்டேனே," என்றார். நான் அழுதுவிட்டேன்.

2007 அக்டோபர் 10
இன்று வயலில் கிடைத்த சிப்பாயின் அடக்கம். கல்லில் பெயர் இல்லை. சக்கர நாற்காலியில் ஒரு கிழவி, புதுக் கறுப்புக் கோட்டு. வினிஃப்ரெட்! அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.
"அப்பா அடக்கத்துக்குன்னு தச்ச கோட்டு. சும்மா வச்சிருக்கவா? இவரும் யாரோ பெத்த புள்ளதானே," என்றார். பிறகு, "அந்தப் பொத்தான் இருக்கா?"
கொடுத்தேன். குதிரையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். திருப்பிப் பார்க்கவே இல்லை.