யாருமில்லை என்ற கட்டம்

டொலீடோ, ஒஹாயோ
பிப்ரவரி 19

அன்புத் தங்கை கொரின்,

காலுறையும் கடலை வெண்ணெயும் இருக்கட்டும், பெட்டியைத் திறந்ததும் முதலில் இதைப் படி. மூன்று முறை கூப்பிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. எனக்கோ ஒரு வாரமாகக் கால் தரையில் பாவவில்லை.

என் வரிக் கணக்கில் உன்னை என்னைச் சார்ந்தவள் என்று எழுதலாம்! அப்பா அம்மாவுக்கு மட்டும்தான் அந்த உரிமை என்று நினைத்திருந்தேன். அண்ணனும் எழுதலாமாம். நூலகத்தில் இலவசமாகக் கணக்குப் போட்டுத் தரும் டெல்ஃபின் அம்மா சொன்னார். "அவ விடுதியில இருக்காளே, என்கூட இல்லையே" என்றேன். "படிக்கத்தானே போயிருக்கா? திரும்பி வர்ற வீடு எதுவோ, அதுதாம்ப்பா அவ வீடு. சட்டமே அப்படித்தான்" என்றார்.

நமக்காகச் சட்டத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள்! நம்ப முடிகிறதா? எங்கள் முதலாளி மீன்பிடிப் படகைத் தொழில் செலவு என்று கூசாமல் எழுதுகிறான். பனியில் நின்று சாலைக் குழி அடைக்கிற நான், சொந்தத் தங்கையை எழுத ஆயிரம் அத்தாட்சி தேட வேண்டும். தேடினேன். உன் கல்லூரிக் கடிதம், என் வாடகை ரசீது, எல்லாம் கொண்டுபோனேன். கணினியில் அனுப்பினோம்.

மறுநாளே திரும்பி வந்தது. உன் சமூகப் பாதுகாப்பு எண்ணை யாரோ முன்பே ஒரு வரிக் கணக்கில் போட்டுவிட்டார்களாம்.

உடனே வர்ஜில் மாமாதான் நினைவுக்கு வந்தார். அம்மா போன பிறகு நீ என் சோபாவில் தூங்கிப் பள்ளிக்குப் போனாய். ஆனால் அப்போது தன் வரிக் கணக்கில் உன் பெயரை எழுதிப் பணம் வாங்கியது அவர். வேலை உடுப்போடு போய்க் கதவை உடைக்காத குறை. "இந்த வருஷமும் கை வெச்சுட்டியா மாமா?" என்று கத்தினேன். "எனக்கு வேலையே போய் ஒரு வருஷமாச்சு, எந்தக் கணக்கைடா போடுவேன்? குழி மூடறவனுக்கு வாய் மட்டும் மூடல. கதவச் சாத்து, குளிரு உள்ள வருது" என்றார். பொய் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். அன்று பார்த்தார்.

டெல்ஃபின் அம்மாவிடம் திரும்பிப் போனேன். "அந்தப் பொண்ணே தனக்குன்னு தனியா கணக்கு போட்டிருக்கும். சாப்பாட்டுக் கூடத்துல வேலை பாக்குதுன்னியே? தன்னை வேற யாரும் அவங்க கணக்குல சேர்க்க முடியாதுன்னு ஒரு கட்டம் இருக்கு. போன்லயே பசங்க அதைத் தொட்டுட்டுப் போயிடுவாங்க" என்றார்.

நீதானா கொரின்?

கோபமில்லை. தெரியாமல் தொட்டாயா, தெரிந்தே தொட்டாயா என்றும் கேட்கமாட்டேன். நவம்பரில் பஸ் ஏறும்போது "இனிமே உனக்குப் பாரமா இருக்க மாட்டேன்" என்றாய். கிறிஸ்துமஸுக்கு வேலை என்று வரவில்லை. வரும் ஜூனோடு படிப்பை விடப்போவதாகப் போன மாதம் செய்தி அனுப்பினாய். விடாதே. உன்னை என் கணக்கில் எழுதினால் உன் கட்டணத்துக்கான வரிக் கழிவு கிடைக்கும். அடுத்த தவணையைக் கட்டிவிடலாம். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் பாரம் என்று சொல்லிக்கொண்டு வெளியேறுகிறார்கள். அந்தப் படகு என்றாவது அப்படிச் சொல்லியிருக்கிறதா?

நீ ஒரு திருத்தக் கணக்கு அனுப்பினால் போதும். என்னுடையதைத் தபாலில் அனுப்பலாமாம். உறை ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, குளிர்பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். நீ சரி என்று சொல்லாமல் அனுப்பமாட்டேன்.

பின்னறையிலிருந்த டயர்களை வெளியே தள்ளிவிட்டேன். கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒரு கால் ஆடுகிறது, அட்டை வைத்தால் நிற்கும். மார்ச் விடுமுறைக்கு வா. சாவி உன்னிடம்தான் இருக்கிறது.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகப் படி. என்மேல் என்ன கோபம் வேண்டுமானாலும் படு. உனக்கு யாருமில்லை என்று மட்டும் எழுதாதே.

உன் அண்ணன்,
லானி