ரெட்டை நூல்

இன்று காலை வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தையற்கடையில் நின்றிருந்தேன். பையின் வார் பிய்ந்திருந்தது. தையல்காரர் தைத்து முடித்துவிட்டு நூலைச் சுண்டி இழுத்தார். அறவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். பையே சுருங்கி அவர் பக்கம் போனது, நூல் அறவில்லை.

"நைலான் நூலும்மா. பை கிழிஞ்சாலும் இது அறாது" என்றார் பெருமையாக.

பலகைமேல் இருந்த கத்தரிக்கோலை நானே எடுத்து நீட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அவரிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாய். நான் காசைக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

கன்னிவாடிப் பக்கத்துத் தரிசுக் காட்டில்தான் இன்னும் எனக்கு வேலை. கொடைக்கானலில் மேகம் மூடிக்கொண்டால் மலைவிளிம்பிலிருந்து ஹேங் கிளைடரில் பறக்க முடியாது. அப்போதெல்லாம் பறக்கும் போட்டி அடிவாரத்துக்கு வந்துவிடும். காட்டின் அந்தக் கோடியில் ரஹீம் பாயின் வின்ச் எந்திரம் கயிற்றைச் சுருட்டி இழுக்கும். இந்தக் கோடியில் கிளைடர் பட்டம்போல மேலே ஏறும். வேண்டிய உயரம் வந்ததும் பறப்பவர் கயிற்றைக் கழற்றிவிட்டு, இன்னும் மேலே தூக்கும் சூட்டுக்காற்றைத் தேடிப் போய்விடுவார். கிளைடர் பக்கத்தில் வாக்கி டாக்கியோடு நின்று, இழுக்கலாமா நிறுத்தலாமா என்று பாய்க்குச் சொல்வது என் வேலை.

என்னைப் போய் இந்த வேலைக்கு வைத்தார்களே என்று நீ முதல் நாளே சிரித்தாய். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கியும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வரவில்லை. நீ கொடைக்கானலில் டாக்ஸிக்காரர் மகள். வெள்ளைக்காரர்களிடமும் வழக்கடிப்பாய்.

"அடியே, பட்டன அமுக்கிட்டுப் பேசு. நீ மனசுக்குள்ள பேசுனா பாய்க்கு எப்படிக் கேக்கும்?"

அந்தக் கோடியிலிருந்து பாயும் சேர்ந்துகொள்வார். "என்னத்தா, ரேடியோ தூங்குதா, நீ தூங்குறியா? வெரசா சொல்லுத்தா, வெயில்ல டீசல் ஆவியாப் போகுது."

நீ இறக்கையைத் தோளில் தாங்கியபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாய். அந்தச் சிரிப்போடுதான் பெரும்பாலும் ஓடத் தொடங்குவாய்.

கயிறும் உன் இடுப்புவாரும் சேரும் இடத்தில் ஒரு நூல் வளையம் உண்டு. வீக் லிங்க் என்பார்கள். அத்தனை கனமான கயிற்றுக்கும் எந்திரத்துக்கும் நடுவே, வேண்டுமென்றே வைத்த பலவீனம். கிளைடர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் கயிறு அதை நிமிரவிடாது, சாய்ந்த பக்கமே இழுத்துக்கொண்டு போகும். அப்போது அந்த நூல் அறவேண்டும். அறுவதற்காகவே கட்டப்பட்டது அது.

ஆனால் மாசி மாதத்து மத்தியானக் காற்றில் அது சும்மாவும் அறுந்தது. நூல் அறுந்து இறங்கியவர் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும் என்பது நம் களத்து வழக்கம். மறுபடி முறை வருவதற்குள் சூட்டுக்காற்று அடங்கிவிடும். அன்றைய போட்டி போயிற்று. அதனால் ஒருவர் நூலை இரண்டாக மடித்துக் கட்டினார். பிறகு எல்லோரும் கட்டினார்கள். 'ரெட்டை' என்று அதற்குப் பேரும் வந்தது. "ரெட்டையா, ஒத்தையா?" என்று தேநீர் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார்கள்.

அன்றைக்கு நீயும் ரெட்டை கட்டியிருந்தாய். நான் பார்த்தேன், கேட்டேன்.

"ஒத்தையாப் போட்டா என்ன?"

"நேத்து ரெண்டு தடவ அறுந்துச்சு. இன்னிக்கும் கடைசில நின்னா டீம்ல எடம் கெடையாது. அப்புறம் எங்கப்பா வண்டியத்தான் ஓட்டணும்."

"சாஞ்சா?"

"சாஞ்சா நானே கழட்டிக்குவேன். நீ பயப்படாம இரு, போதும்."

போட்டி நடத்தியவரிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன். எல்லோரும்தானே போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் காற்றுக்கொடியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் வருவதற்குள் நீ தலைக்கவசம் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாய்.

நன்றாகத்தான் ஏறினாய். பனைமர உயரம் தாண்டியிருப்பாய். காட்டின் ஓரத்தில் ஒரு சூறை சருகுகளைச் சுழற்றிக்கொண்டு எழுந்து உன் இடது இறக்கையைத் தூக்கியது. கிளைடர் வலப்பக்கம் சாய்ந்தது. கழற்றும் கொக்கியின் வார் உன் தோளில் இருந்தது. அதை எட்ட, பிடித்து ஓட்டும் கம்பியை ஒரு கை விடவேண்டும். சாயும் கிளைடரில் கையை விட்டால் இன்னும் சாயும். உன் வலது கை கம்பியை விட்டதையும், உடனே திரும்பப் பற்றிக்கொண்டதையும் பார்த்தேன். "நிறுத்துங்க பாய்" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு உரக்க வந்தது அன்றுதான். பாய் உடனே கயிற்றை வெட்டிவிட்டார். உனக்கு அந்த நேரமும் இருக்கவில்லை, அதற்குள் கிளைடர் தரையில் மோதிவிட்டது.

நான் ஓடி வந்தபோது உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. இடுப்புவாரில் இருந்த நூலைத்தான் பார்த்தேன். இரண்டு இழையும் பிசிறுகூட இல்லாமல் முழுசாக இருந்தன.

நீ போன பிறகு ரெட்டை கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கழற்றும் வாரைக் கம்பியிலேயே வைக்கச் சொன்னார்கள். உன் அப்பா ஒருமுறை களத்துக்கு வந்து வண்டியிலிருந்து இறங்காமலே திரும்பிப் போனார். வேலையை விட்டுவிடச் சொல்லி என் அம்மா தினமும் அழுதாள். நான் விடவில்லை. நான் போய்விட்டால் அந்த இடத்தில் பயப்படாத யாராவது வந்து நிற்பார்களே என்பதுதான் காரணம்.

இன்று பெங்களூரிலிருந்து வந்த ஒருவருக்கு முறை. நல்ல பறப்பாளர், இந்தப் போட்டியில் முன்னணியில் இருக்கிறார். கயிற்றை மாட்டுமுன் அவர் வளையத்தை விரலால் தடவினேன். தடிப்பாக இருந்தது. கறுப்பு டேப் சுற்றி மறைத்திருந்தார்.

"சார், இது ரெட்டை."

"டைம் போயிட்டிருக்கு மேடம். ஹூக் பண்ணுங்க."

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ரேடியோவில் பாய், "என்னத்தா, கயிறு சும்மா கெடக்கு?" என்றார்.

"நிறுத்தியே வைங்க பாய்" என்றேன். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து வளையத்தை அறுத்தேன். கத்தியைப் பார்த்து அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பிறகு கத்தினார். நான் யார், எத்தனை முறை பறந்திருக்கிறேன் என்று கேட்டார். ஒருமுறையும் பறந்ததில்லை என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேறு நூல் கட்டிக் கடைசியில் போய் நிற்கவேண்டியதாயிற்று அவருக்கு. அவர் முறை வந்தபோது ஒற்றை நூலோடு ஏறினார். நூல் அறவில்லை, இறக்கை சாயவில்லை, சூறை எதுவும் வரவில்லை. அவர் கழற்றிக்கொண்டு போகும்வரை வாக்கி டாக்கியை வாயருகிலேயே பிடித்திருந்தேன்.

ரெட்டையோடு போயிருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. அதுதான் இந்த வேலையின் கொடுமை. நடக்காமல் போன ஒன்றை யாரிடமும் காட்ட முடியாது. சரியாகச் செய்தேன் என்பதற்கு எனக்கும் அத்தாட்சி கிடையாது.

சாயங்காலம் ஜீப்பில் வந்து இறங்கினார். முகமெல்லாம் புழுதி. தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது.

"பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல. ஒரு நாள் போட்டியே போச்சு எனக்கு. எல்லாம் உங்க பயம்."

எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் உன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன்.

"ஆமா சார், பயந்தான்" என்றேன். "நாளைக்கும் தொட்டுப் பாப்பேன்."