ஒன்றாம் நம்பர் பட்டன்

ஜூன் 3
பட்டறையில் இன்று இரண்டு பேட்டரி, ஒரு ஹாரன், கடைசியாக ஒரு சாம்பல் நிறக் கார். ஓட்டுநர் சீட் சொன்ன பேச்சு கேட்பதில்லையாம். அதன் கதவில் ஒன்று, இரண்டு என்று பட்டன்கள் உண்டு. ஒன்றை அழுத்தினால் சீட் தானாக மனைவியின் இடத்துக்கு வரவேண்டும். இரண்டை அழுத்தினால் கணவரின் இடத்துக்கு. 'செட்' என்று இன்னொரு பட்டன். அதோடு ஒன்றையோ இரண்டையோ சேர்த்து அழுத்தினால், சீட் அப்போது இருக்கும் இடத்தையே புதிதாக ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

கொண்டுவந்தவள் ஒரு நர்ஸ். என் வயதுதான் இருக்கும்.

"காலையில ஒண்ணை அழுத்தினா என் இடத்துக்கு வரமாட்டேங்குது. கால் பிரேக்குக்கே எட்டல. நானே நகர்த்தி மறுபடி செட் பண்ணினா கொஞ்ச நாள் ஒழுங்கா இருக்கும். அப்புறம் பழைய குருடி."

கணவருக்கு பேக்கரியில் இரவு வேலை, இவளுக்குப் பகல். இருவருக்கும் ஒரே கார். "நாங்க சந்திச்சுக்கறதே வாசல்லதான், சாவி கை மாறும்போது."

வாடிக்கையாளர்கள் முன்னறை சோபாவில்தான் காத்திருப்பார்கள். இவள் நேராக உள்ளே வந்து என் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஃப்யூஸ், வயர், மோட்டார் எல்லாம் பார்த்தேன். எத்தனை முறை அழுத்தினாலும் சீட் சமர்த்தாக வந்தது.

"டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுடும். எங்க வார்டுலயும் இதே கதைதான்."

சிரித்துவிட்டேன். டிங்கர்காரர் தட்டுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 4
வீட்டுக்கு வந்ததும் டிவி போட்டேன். யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும்.

ஜூன் 11
மறுபடி அதே கார். ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தாள். டம்ளர் இரண்டு.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. கேள்வி பழக்கமில்லாததால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

கணினியை மாட்டிப் பார்த்தேன். எந்தக் குறையும் பதிவாகவில்லை.

"அப்போ எனக்குத்தான் மறை கழண்டிருக்கு" என்றாள்.

பழுது கிடைக்காமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று உள்ளே ஒரு நினைப்பு. சீ.

ஜூன் 17
இந்த முறை போனில் படம் எடுத்து வந்தாள். காலையில் அவள் ஏறும்போது சீட் கிடந்த கோலம். கடைசிவரை பின்னால் தள்ளி, முதுகு முழுக்கச் சாய்ந்து, ஆள் படுக்கிற மாதிரி. ஒன்றை அழுத்தியும் அசையவில்லையாம்.

சீட் தானாக இப்படி ஓர் இடத்தைக் கற்பனை செய்யாது. யாரோ அங்கே நிறுத்தி, செட் செய்திருக்க வேண்டும். ராத்திரி வண்டி யாரிடம் இருக்கிறது?

எனக்குத் தெரிந்த கதை இது. என் வீட்டுக்காரராக இருந்தவரின் காரில் ஒருநாள் ஏறியபோது முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. என்னைவிடக் குள்ளமான ஒருத்திக்காகப் பக்கத்து சீட் முன்னால் தள்ளியிருந்தது. அவர் வாயைத் திறக்குமுன்பே சீட் சொல்லிவிட்டது.

அதனால் சொன்னேன். "வண்டியில பழுது இல்லைங்க. ராத்திரி வண்டியில அவர்கூட யாராவது இருக்காங்களான்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க."

டம்ளர்களைக் கழுவாமலே பையில் போட்டுக்கொண்டு போனாள்.

நல்லதுக்குத்தானே சொன்னேன்? நல்லதுக்குத்தானா?

ஜூன் 20
ஸ்டூல் மேல் டிங்கர்காரர் பெயிண்ட் டப்பாவை வைத்தார். எடுங்க என்றேன்.

"யாரு உட்காரப் போறா?"

நியாயமான கேள்வி.

ஜூன் 24
காலையிலிருந்து மழை. பட்டறை வாசலில் தண்ணீர் தேங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று உறைத்தது. அவள் வந்த நாளெல்லாம் இந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் உள்ளே வந்தாள். ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தைய ராத்திரி மழை. நான் பார்த்ததெல்லாம் மத்தியானத்தில், கூரைக்குக் கீழே, காய்ந்த வண்டியை.

நனைத்துப் பார்க்கவே இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் ஓதுவது என்ன? பழுது வந்த நிலைமையை உண்டாக்கிப் பாருங்க, அப்புறம் வாயைத் திறங்க என்று. எலக்ட்ரானிக்ஸ் படித்த லட்சணம்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. 'வண்டியை அனுப்புங்க. நான் சொன்னது தப்பா இருக்கலாம்' என்று செய்தி அனுப்பினேன்.

ஜூன் 26
கணவர் வந்தார். உயரமான மனிதர், சட்டைக் கையில் மாவு.

"அவங்க வரலையா?"

"நீங்களே போய்க் கேட்டுக்கங்கன்னுட்டா. ஒரு வாரமா முகம் கொடுத்துப் பேசறதில்ல. நான் என்ன பண்ணினேன்னே தெரியலைங்க."

வேலை முடிந்து வீட்டு வாசலுக்கு வந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"உடனே உள்ள போகமாட்டேன். கதவு சத்தத்துல அவ முழிச்சுப்பா. சீட்டைச் சாய்ச்சு கொஞ்சம் கண்ணை மூடுவேன். ரூம்ல லைட் எரிஞ்சதும் இறங்கி, வெளிய நின்னபடியே ஒண்ணை அழுத்தி, கதவைச் சாத்திட்டுப் போவேன். அவ வரும்போது ரெடியா இருக்கட்டுமேன்னு."

"மழையிலயுமா?"

"மழைன்னா அவ வேலைக்குப் போகாம இருப்பாளா?"

சீட்டைச் சாய்த்து, கதவுப் பட்டன்கள் மேல் தண்ணீர் தெளித்து, ஒன்றை அழுத்தினேன். சீட் அசையவில்லை. ஞாபகம் வைத்துக்கொண்டதற்கு அடையாளமாக 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும்.

பட்டன்கள் இருந்த பலகையைக் கழற்றினேன். செட் பட்டனுக்கு அடியில் பச்சையாகக் களிம்பு. ஈரம் பட்டால் செட் பட்டன் யாரும் தொடாமலே அழுந்தின மாதிரிதான். அவர் ஒன்றை அழுத்த அழுத்த, அவர் சாய்ந்திருந்த இடத்தையே வண்டி அவளுடைய இடமாக எழுதிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் உள்ளே போனதும் அவர் மழையில் கதவைத் திறந்து வைத்து நின்றதால்தான்.

அவர் மனைவியிடம் நான் சொன்னதை அவரிடமே சொன்னேன்.

"ஏங்க அப்படி நினைச்சீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 27
புதுப் பலகை மாட்டி, பின்னால் தண்ணீர் புகாமல் அடைத்தாயிற்று. நனைத்துப் பார்த்தேன். சரியாக வருகிறது.

வண்டியை எடுக்க அவள் வந்தாள். முன்னறை சோபாவில் உட்கார்ந்தாள். நானே போய், பழுதையும் அவர் செய்ததையும் சொன்னேன். "சோதிக்காம சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

"நீங்க சொன்னீங்க, சரி. நான் நம்பினேனே. அதுக்கு அவர்கிட்ட நான் என்ன சொல்றது?"

சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 30
ஸ்டூலைக் கழுவி வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூலை 9
சாயங்காலம் நல்ல மழை. பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சாம்பல் நிறக் கார் என் முன்னால் நின்றது.

"ஏறுங்க. நனைஞ்சு என்னத்தைச் சாதிக்கப் போறீங்க?"

ஏறினேன். முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது.

"பின்னாடி தள்ளிக்கங்க. மாவு மூட்டைக்கு இடம் வேணும்னு அவர் முன்னால தள்ளி வச்சிருக்கார்."

தள்ளிக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்கு ஞாபக பட்டன் எல்லாம் கிடையாது. வெறும் நெம்புகோல்.

என் வீட்டருகே வந்ததும் நான்தான் கேட்டேன், சாப்பிட்டீங்களா என்று.

"இல்ல. நீங்க?"

"இல்ல" என்றேன்.

ஜூலை 16
பட்டறை மூடும் நேரம் வாசலில் ஹாரன். டிங்கர்காரர், "அக்கா, உங்க வண்டி" என்றார்.

ஏறினேன். முழங்கால் இடிக்கவில்லை. மாவு மூட்டை பின் சீட்டில் குறுக்கே படுத்திருந்தது. என் சீட் நான் விட்ட இடத்திலேயே இருந்தது.