ரௌட்டரில் தெரிந்த பெயர்

ஏங்க,

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போறேன், இருட்டுறதுக்குள்ள வந்துருவேன். புளிக்குழம்பு அடுப்பில் இருக்கு.

வைஃபை மாட்டிவிட்டுப் போனவர் வச்ச பாஸ்வேர்டே இன்னும் இருந்துச்சு. அதை மாத்தலாம்னு செட்டிங்ஸைத் திறந்தேன். நம்ம நெட்டில் யார் யார் இருக்காங்கன்னு பேரோட காட்டுது, தெரியுமா? என் போன், உங்க போன், டிவி. அதுக்குக் கீழே 'மாரீஸ்வரி போன்'. பக்கத்து வீட்டு உங்க அண்ணன் மக!

அண்ணன்கூட தண்ணி மோட்டார் சண்டை வந்ததுக்குப் பொறவு, "அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்"னு சொன்னீங்க. பாஸ்வேர்டை நான் கொடுக்கலை. நீங்க எப்படிக் கொடுத்தீங்க? சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தா? சொல்லுங்க, தெரிஞ்சுக்கணும்.

மாத்தின பிறகுதான் உறைச்சது, அவளுக்கும் நெட் நின்னிருக்கும். ஆறு மணிக்கு அவளுக்கு ஆன்லைன் பரீட்சை. புது பாஸ்வேர்டு ஃப்ரிட்ஜ் மேலே எழுதி வச்சிருக்கேன். கொண்டுபோய்க் கொடுங்க.

பாண்டீஸ்வரி

போனில் சொல்லிப் பார்க்காதீங்க. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர் எல்லாம் கலந்து வச்சிருக்கேன், தப்பாயிரும்.

இன்னொண்ணு. மாரீஸ்வரி படிச்சுக்கிட்டு இருப்பா, எந்திரிச்சு வர மாட்டா. உங்க மதினி என்கூடத்தான் கோயிலுக்கு வாராங்க. கதவை உங்க அண்ணன்தான் திறப்பாங்க.